சொல்லக்கூடாத அளவு

மாலை ஐந்தே முக்காலுக்கு இருதயசாமி வீடு திரும்பினார். சட்டையில் ஒரு நார்கூட இல்லை.

பாத்திமா மேரி வாசலிலேயே அவரை நிறுத்தினாள். இருதயசாமி தேங்காய் நார் மெத்தை செய்யும் மில்லில் மேஸ்திரி. காலரில் நார் இருக்கும், பையில் இருக்கும், சில நாள் மீசையிலும் இருக்கும். சட்டையை வாங்கி வாசலில் உதறிவிட்டுத்தான் அவள் அவரை உள்ளே விடுவாள். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

"வேலைக்குப் போகலையா?"

"போனேனே."

"நாரு எங்க?"

இருதயசாமி குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.

"காத்து" என்றார்.

"இத்தனை வருஷமா அடிக்காத காத்து இன்னைக்கி அடிச்சுதாக்கும்?"

அவர் சொன்னது பொய்யில்லை. மில்லை விட்டுக் கிளம்பும்போது கம்ப்ரசர் வைத்துத் தலையிலிருந்து கால்வரை அவருக்குக் காற்றடித்திருந்தார்கள். ஆனால் அதைச் சொல்லக் கூடாது.

அன்று காலை முதலாளி அமிர்தலிங்கம் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"இருதயம், கதவச் சாத்து."

சாத்தினார்.

"ஜன்னல."

அதையும் சாத்தினார்.

"ஃபேன் சத்தம் போடுதா?"

"போடுதுங்க."

"அப்ப கேளு. ராணுவத்துக்கு ஒரு வேலை எடுத்திருக்கேன்."

"மெத்தைங்களா?"

"மெத்தைதான். படுக்கிறதுக்கு இல்ல. ஒரு பெட்டி. அதுக்குள்ள ஒண்ணு வரும். அது குலுங்காம உக்கார நம்ம நாரு. நடுவுல ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தோட அளவுதான் ரகசியம்."

"உள்ள என்னங்க வரும்?"

"எனக்கே தெரியாது. தெரிஞ்சா சொல்லிடுவேன்னு எங்கிட்ட அவங்க சொல்லல."

அமிர்தலிங்கம் நாற்காலியை அருகில் இழுத்துக்கொண்டார். அளவு தெரிந்தால் உள்ளே வருவது என்னவென்று கெட்டிக்காரன் ஒருவன் கண்டுபிடித்துவிடுவான். நாருக்குப் போடும் கரும்பூச்சும் ரகசியம். அதனால் பழைய கொட்டகையில் தனி வேலை, தனி உடுப்பு. கொட்டகையிலிருந்து ஒரு நார் வெளியே போகக் கூடாது.

"உன் வீட்டுக்காரிக்கும் தெரியக்கூடாது."

"மேரிக்குமா?"

"முக்கியமா மேரிக்கு. ஒரு அதிகாரி உன் வீட்டுக்கே வந்து விசாரிப்பாங்க. உன் பொண்டாட்டி 'மெத்தை பண்றாரு'ன்னு சொல்லணும். அதுக்கு மேல அவளுக்கு ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தாலும் வேலை போச்சு. அப்பறம் மில்லுக்குப் பூட்டுதான்."

மில் ஏற்கெனவே பாதி பூட்டித்தான் கிடந்தது. ஊரெல்லாம் ஃபோம் மெத்தைக்கு மாறிய பிறகு நார் மெத்தையைக் கேட்க ஆளில்லை. வேலையில்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்களை அந்த வாரம்தான் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் கொட்டகைக்கு வெளியே மறுபடியும் பேச்சுச் சத்தம் கேட்டது. இருதயசாமிக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது.

கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் அவர் முன்யோசனையோடு இருந்தார். மில்லிலிருந்து நார் எடுத்து வர முடியாது. வாசலில் காவலாளி மீசையைக்கூடச் சோதித்தான். ஆகவே வரும் வழியில் சாவித்திரியின் களத்தில் வண்டியை நிறுத்தினார். சாவித்திரி தோப்புகளில் தேங்காய் மட்டை வாங்கி மில்களுக்கு அனுப்புகிறவள். களத்தில் மட்டை ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு இருதயசாமி குவியலில் முதுகைத் தேய்த்தார்.

"என்ன மேஸ்திரி பண்றீங்க?"

சாவித்திரி குவியலுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"முதுகு அரிச்சுது."

"மாடு மாதிரியில்ல தேய்க்கிறீங்க."

வீட்டுக்கு வந்து நிமிர்ந்து நின்றார். பாத்திமா மேரி சட்டையை வாங்கினாள். உதறவில்லை. ஒரு நாரை எடுத்து விரலில் நெருடினாள். முகர்ந்தாள்.

"இது பச்சை மட்டை நாரு."

"ம்?"

"ஈரமா இருக்கு. உங்க மில்லுல காஞ்ச நாருதான ஓடும். முதுகு பூரா பச்சை நாரு. எவ தோப்புல படுத்து எந்திரிச்சு வர்றீங்க?"

இருதயசாமிக்கு இருபது நிமிடம் கழித்துத் தோன்றிய பதிலும் நன்றாக இல்லை.

அடுத்த நாள் அவருக்குப் பின்னால் ஒரு லோடு ஆட்டோ வந்தது. அதில் சம்பா நடவுக்கான நாற்றுக்கட்டுகள் அடுக்கியிருந்தன. அவர் திரும்பினால் அதுவும் திரும்பியது. டீக்கடையில் நின்றால் அதுவும் நின்றது. ஓட்டுகிறவன் துண்டால் முகத்தை மூடியிருந்தான். ஆட்டோவின் நெற்றியில் 'எல்வின்' என்று பெரிதாக எழுதியிருந்தது. எல்வின் பாத்திமா மேரியின் தம்பி.

இருதயசாமி கவனிக்காதது போலப் போனார். சாவித்திரியிடம் இந்த முறை நேராகவே கேட்டார்.

"காஞ்ச நாரு கொஞ்சம் கெடைக்குமா?"

"எதுக்கு?"

"சட்டையில போட்டுக்க."

சாவித்திரி அவரைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் இரண்டு கை நிறைய அள்ளிக்கொண்டு வந்தாள்.

"திரும்புங்க. முதுகுல நீங்களே போட்டுக்க முடியாது."

அவர் திரும்பினார். அவள் தோளிலும் முதுகிலும் தூவினாள். தேர்ப் பவனியில் மாதா சுரூபத்துக்குப் பூத் தூவுவது போல இருந்தது என்று சாலையின் மறுபக்கத்திலிருந்து பார்த்த எல்வின் பின்னால் அக்காவிடம் சொன்னான். தூவி முடித்து அவள் இரண்டடி தள்ளி நின்று தலையைச் சாய்த்து அழகு பார்த்ததையும் சொன்னான்.

அன்று மாலை மூவரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

"மாமா, வண்டில நாத்து வாடுது" என்றான் எல்வின். "உண்மையச் சொல்லிட்டீங்கன்னா நான் வயலுக்குப் போயிடுவேன்."

"என்ன உண்மை?"

"அந்தம்மா எதுக்கு உங்களுக்கு நாரு போடுது?"

"நட்பா."

"நட்புல யாராச்சும் நாரு போடுவாங்களா மாமா?"

பாத்திமா மேரி எழுந்து போய்ச் சட்டையை உதறினாள். வழக்கத்தைவிட அதிக நேரம் உதறினாள்.

அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இனி வாயைத் திறப்பதில்லை. கேட்டால் சிரிப்பது. அது சனிக்கிழமை வரை பலித்தது.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, வஞ்சிரக் குழம்பு சாப்பிட்டுக் கூடத்தில் படுத்தார். வாரம் முழுவதும் கொட்டகையில் அச்சோடு போராடிய களைப்பு. பள்ளம் சரியாக அமையவில்லை. கழுத்துப் பகுதியில் இடித்தது. அந்த யோசனையிலேயே தூங்கிப்போனார்.

பாத்திரம் விழுந்த சத்தத்தில் விழித்தார்.

பாத்திமா மேரி சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். காலடியில் ரசச் சட்டி உருண்டுகொண்டிருந்தது.

"என்ன மேரி?"

"என்ன சொன்னீங்க இப்ப?"

"ஒண்ணும் சொல்லலையே. தூங்கிட்டிருந்தேன்."

"மேல முப்பத்தாறு. நடுவுல இருபத்தெட்டு. கீழ நாப்பது."

இருதயசாமி எழுந்து உட்கார்ந்தார். தூக்கம் போய்விட்டது. நாட்டின் பாதுகாப்பும் போய்விட்டது என்று தோன்றியது.

"கழுத்துகிட்ட ஒரு அங்குலம் எறக்கணும்னும் சொன்னீங்க."

"கனவு மேரி."

"உங்களுக்கு யாரு சொன்னது இந்த அளவ?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்க வேண்டும். ரசத்தைத் துடைக்காமலே உள்ளே போனாள்.

அதன்பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. சட்டையை வாங்குவாள், உதறுவாள், பார்க்க மாட்டாள். படுக்கையைப் பின்னறைக்கு மாற்றிக்கொண்டு கதவைத் தாழிட்டாள். பட்டுக்கோட்டையில் அவள் வேலை பார்க்கும் தையல் கம்பெனியிலிருந்து தாமதமாக வந்தாள். கேட்டால், சீருடை வேலை குவிந்து கிடக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

கேள்விகளைவிட இந்த மௌனம் அவரைப் பயமுறுத்தியது. எல்வினைத் தேடி வயலுக்கே போனார். அவன் சேற்றில் நின்று நாற்றுக்கட்டுகளை வீசிக்கொண்டிருந்தான்.

"என்னைய ஏன்டா பின்தொடர மாட்டேங்குற?"

"அக்கா வேணாம்னுடுச்சு மாமா."

"ஏன்?"

"தெரியல. 'அவரு எங்க போனா என்ன, யாரையும் கிளற வேணாம்'னுச்சு." எல்வின் நிமிர்ந்தான். "பொம்பளைங்க சண்டை போடுற வரைக்கும் ஒண்ணுமில்ல மாமா. விட்டுட்டாங்கன்னா விட்டுட்டாங்க."

"நீ வேணா உன் இஷ்டத்துக்கு ரெண்டு நாளு பின்னால வாயேன்."

"டீசல் யாரு போடுவா?"

அக்டோபர் செபமாலை மாதம். ஒரு ஞாயிறு மாலை, கோயிலில் கூட்டம் இருந்தது. இருதயசாமி சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றார். தம் முறை வந்ததும் முழந்தாளிட்டார். வலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சாமியாரின் மூச்சு கேட்டது.

"பொய் சொன்னேன் ஃபாதர்."

"யாருகிட்ட?"

"பொண்டாட்டிகிட்ட."

"என்ன பொய்?"

"அதச் சொல்லக் கூடாது ஃபாதர்."

சாமியார் தடுப்பை ஒட்டிக் குனிந்தார்.

"இங்க சொல்றது வெளிய போகாதுப்பா. கடவுளுக்கும் எனக்கும்தான்."

"தெரியுது ஃபாதர். ஆனா நான் போட்ட கையெழுத்துல அந்த மாதிரி யாரையும் விட்டுவைக்கல."

"கடவுளையுமா?"

"தனியா அவரு பேரப் போடல."

சாமியார் நீளமாக மூச்சு விட்டார். "மூணு தடவ 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லு. போ."

எழுந்தபோது வரிசையில் அடுத்து நின்றது பாத்திமா மேரி. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவரைத் தாண்டிப் போனாள். தன்னைப் பற்றித்தான் சொல்லப்போகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. நாரிலிருந்து தொடங்கினால் அரைமணி நேரமாவது ஆகும். ஆனால் அவள் அவரைவிடச் சீக்கிரம் வெளியே வந்தாள். பின்வரிசையில் மண்டியிட்டாள். அவர் ஓரக்கண்ணால் எண்ணினார். அவளும் மூன்றுதான் சொன்னாள்.

பின்னாலேயே சாமியாரும் வெளியே வந்தார். மீதி வரிசையைப் பொறுத்திருக்கச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

அன்றிரவு சாப்பாட்டுக்கு முன் இருதயசாமி தீர்மானித்தார். ரகசியத்தைச் சொல்ல முடியாது. ஆனால் அவள் மனதில் ஏற்கெனவே இருப்பதைச் சொல்லலாம். அதையாவது ஒப்புக்கொண்டால் சண்டை வரும். சண்டை வந்தால் பேச்சு வரும்.

"மேரி, ஒண்ணு சொல்லணும்."

அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள். "சொல்லாதீங்க."

"சொல்லித்தான் ஆகணும்."

"வேணாங்க. எதையும் சொல்ல வேணாம். நானும் எதையும் கேக்கல."

"ஒரு பொம்பள."

அரிவாள்மனையில் மீன் பாதியில் நின்றது.

"என்ன பொம்பள?"

"அந்த அளவு. முப்பத்தாறு, இருபத்தெட்டு. அது ஒரு பொம்பளையோட அளவு."

"பொம்பள அளவா?"

"ஆமா."

"நெஜமாவா? மாதா மேல சத்தியமா?"

சத்தியம் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "நெஜமா" என்று மட்டும் சொன்னார்.

பாத்திமா மேரியின் முகம் தெளிந்தது. தோள் தாழ்ந்தது. பல நாள் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தவள் மாதிரி, "மாதாவே, உமக்குத் தோத்திரம்" என்று சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவளாகக் கரண்டியை எடுத்து அவர்மேல் எறிந்தாள்.

"எவ அவ?"

"பேரு தெரியாது."

"பேரு தெரியாது, இடுப்பு தெரியுமா?"

"விட்டாச்சு மேரி. இனிமே இல்ல."

"கழுத்துகிட்ட எறக்கணும்னீங்களே, நீங்க என்ன டெய்லரா? கொஞ்சமாச்சும் வெக்கம் இருக்கா?"

நன்றாகத் திட்டினாள். திட்டிக்கொண்டே நடுத்துண்டாகப் பார்த்து மீன் வைத்தாள். ரசமும் வைத்தாள். பாத்திரம் கழுவும்போது மாதா பாட்டு ஒன்றை முணுமுணுத்தாள். இருதயசாமி வெளியே உட்கார்ந்து அதைக் கேட்டார். புருஷனுக்கு இன்னொருத்தி இருக்கிறாள் என்று தெரிந்து பாடிய மனைவியை அவர் கேள்விப்பட்டதில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை அமிர்தலிங்கம் மறுபடியும் கதவைச் சாத்தச் சொன்னார்.

"நாளைக்கி வர்றாங்க. ஃபஹ்மிதா மேடம். ரொம்பக் கண்டிப்பு. மூணு விஷயம் கேப்பாங்க. குடி, சீட்டாட்டம், பொம்பள."

"பொம்பளையுமா?"

"அதுதான் முக்கியம். ஒருத்தனுக்கு வெளிய தொடுப்பு இருக்குன்னு வையி. எதிரி அவனப் புடிச்சு, 'உன் பொண்டாட்டிகிட்ட சொல்லிடுவேன், அளவச் சொல்லு'ன்னு மெரட்டுவான்ல? அதனால அப்படிப்பட்ட ஆளு இருந்தா வேலையத் தர மாட்டாங்க." அமிர்தலிங்கம் சிரித்தார். "நல்ல வேளை. உன்ன எவ பாக்கப் போறா?"

இருதயசாமியும் சிரித்தார்.

வீட்டில் மேரி வரும்வரை வாசலில் நடந்தார். அவள் சைக்கிளை நிறுத்துவதற்குள் சொன்னார்.

"மேரி, அது பொய்."

"எது?"

"பொம்பள. அப்படி யாருமில்ல. சத்தியமா இல்ல. மாதா மேல சத்தியம்."

எந்த மனைவியும் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார். பாத்திமா மேரி சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அந்த அளவு?"

அவர் சிரித்தார். சிரிப்பதுதான் பழைய திட்டம்.

"பொம்பள இருக்கட்டுங்க" என்றாள் அவள்.

"என்னது?"

"இருந்துட்டுப் போகட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அளவு அவளோடதுதான்னு சொல்லிடுங்க."

"இல்லாத பொம்பளைய எப்படிடீ இருக்கட்டும்ங்கறது?"

"நேத்து இருந்தாளே!"

அவர் அவளை உள்ளே கூட்டிப் போய் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். சொல்லக்கூடியதை மட்டும் பொறுக்கிச் சொன்னார். நாளைக்கு மெத்தை விஷயமாக ஒரு மேடம் வருகிறார். மில்லுக்கு அது நல்லது. என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால் மெத்தை என்று சொல்ல வேண்டும். ஆள் எப்படி என்று கேட்டால் நல்லவர் என்று சொல்ல வேண்டும். பொம்பளை இல்லை.

"நாளைக்கா?" அவள் தண்ணீரை வைத்துவிட்டாள். "நாளைக்கி வேணாங்க. நாளைக்கி எனக்கு ஆளு வர்றாங்க."

"யாரு?"

"மகளிர் குழுவுலேர்ந்து."

"அவங்கள இன்னொரு நாளைக்கி வரச் சொல்லேன்."

"அவங்களச் சொல்ல முடியாது."

"மேடத்தையும் சொல்ல முடியாது."

பிறகு அவள் எழுந்து வீட்டைப் பெருக்கத் தொடங்கினாள். அவர் மின்விசிறியைத் துடைத்தார். யாராக இருந்தாலும் வீடு சுத்தமாக இருப்பது நல்லதுதான்.

மறுநாள் பத்து மணிவாக்கில் வெள்ளைக் கார் வந்தது. ஃபஹ்மிதா மேடம் கண்ணாடி போட்டிருந்தார். குரலை உயர்த்தாமல் பேசினார். கார் ஓட்டி வந்த நெடுஞ்செழியன் வயதானவர், பெரிய மீசை. தஞ்சாவூரிலிருந்து வந்த அலுப்பில் கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்தார். பாத்திமா மேரி டீ கொண்டுவந்தாள். டம்ளர்கள் தட்டில் கிணுகிணுத்தன. மகளிர் குழு வரக் காணோம்.

"உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பாக்கறார்?"

"மெத்தை பண்றாரு மேடம்."

"என்ன மெத்தை?"

"படுக்கிற மெத்தை. வேறென்ன மெத்தை இருக்கு?"

இருதயசாமி மூச்சை மெதுவாக விட்டார்.

"வேலையப் பத்தி வீட்ல பேசுவாரா?"

"அவரு எதைப் பத்தியும் பேச மாட்டாரு மேடம். கேட்டா சிரிப்பாரு."

"குடி?"

"கிறிஸ்மஸுக்கு ஒயின். அதுவும் நான் போட்டது."

"சீட்டாட்டம்?"

"எண்ணிக்கை மறந்துடும் அவருக்கு."

"வெளிய ஏதாவது தொடர்பு? பெண்கள்?"

பாத்திமா மேரி கணவனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். இருவருக்கும் நடுவில் மின்விசிறி சுற்றியது. துடைத்ததில் சத்தம்கூட இல்லை.

"தங்கமான மனுஷன் மேடம்" என்றாள்.

அப்போது வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது. எல்வின் தோளில் ஒரு மூட்டையோடு உள்ளே வந்தான்.

"மாமா, சாவித்திரியக்கா நாரு குடுத்துவிட்டுச்சு. சட்டையில போட்டுக்கிட இது ஒரு மாசத்துக்கு வருமாம். முதுகுக்கு மட்டும் நேர்ல வரச் சொன்னுச்சு."

நெடுஞ்செழியன் டீயை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"சட்டையில போட்டுக்கவா?" என்றார் மேடம்.

இருதயசாமி வாயைத் திறந்தார். மில், கொட்டகை, சாப்பாட்டு நேரத்துப் பேச்சுச் சத்தம் எல்லாம் கண்முன் மூடிக்கொண்டு போயின.

"நாரு வாசனை இல்லன்னா அவருக்குத் தூக்கம் வராது மேடம்" என்றாள் பாத்திமா மேரி. "மில்லுல இப்ப சுத்தம் பாக்கறாங்களாம். நாரு இல்லாமலே வீட்டுக்கு வர்றாரு. ராத்திரி பூரா பொரளுறாரு. சாவித்திரி எங்க சொந்தக்காரப் பொண்ணு மாதிரி. நாந்தான் குடுத்துவிடச் சொன்னேன்."

எல்வின் அக்காவைப் பார்த்தான். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வயலுக்குப் போனான்.

மேடம் இருதயசாமியைப் பார்த்தார். இருதயசாமி சிரித்தார். மேடத்தின் உதட்டோரமும் லேசாக அசைந்தது.

"சரிங்க இருதயசாமி" என்று ஃபைலை மூடினார். "எனக்குத் திருப்தி. நான் பாத்த வீடுகள்ல பாதி வீட்டுல பொண்டாட்டிக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும். தெரியாத மாதிரி நடிப்பாங்க. கண்டுபுடிச்சிடுவேன். உங்க வீட்டம்மாவுக்கு நெஜமாவே ஒண்ணும் தெரியல. இப்படி இருக்கறது அபூர்வம்."

"சரிங்க மேடம்."

"நாளையிலேர்ந்து வேலையத் தொடரலாம். அமிர்தலிங்கம்கிட்ட நான் சொல்லிடறேன்."

இருதயசாமிக்குக் கண் லேசாகக் கலங்கியது. மில் பிழைத்தது. வீடும் பிழைத்தது. பாத்திமா மேரி காலித் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். தட்டு இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. தனக்காகத்தான் இவ்வளவு பதறுகிறாள் என்று அவர் நினைத்தார். இவளிடம் இனி ஒரு பொய்யும் சொல்வதில்லை என்று மனதுக்குள் தீர்மானித்தார். பெட்டி வேலை முடிந்த பிறகு.

நெடுஞ்செழியன் டம்ளரைக் கீழே வைத்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு எழுந்து காருக்குப் போய், இன்னொரு ஃபைலோடு திரும்பி வந்தார். அதை மேடத்திடம் நீட்டினார்.

"மேடம், மெத்தைக்காரர் முடிஞ்சாச்சுல்ல? அதே மெத்தைக்கு உறை தைக்கிறது இந்த அக்காதான், இவங்களையும் இப்பவே விசாரிச்சுட்டா மறுபடி தஞ்சாவூர்லேர்ந்து வர வேணாம். வீட்டுக்காரருக்கு ஒண்ணும் தெரியாதான்னு கேக்கறப்ப அண்ணன் இங்கயே இருக்கலாமா, இல்ல வெளிய நிக்கச் சொல்லவா?"